அவரவர் வானவில்

ஐப்பசி மாலையில் திடீரென மழை வந்துவிட்டால், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக் களங்களில் காயும் நெல்லை வாரிக் குவித்து மூட ஆட்கள் ஓடுவர். மேற்கே வெயில் எறிக்க, கிழக்கே இன்னும் தூறிக்கொண்டிருக்கும். அப்போது சிறுவர் மட்டும் "வானவில்!" எனக் கூவுவர். அது எப்படி வந்தது என்று அவர்கள் கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்?

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனி நாட்டவரான தியோடோரிக் என்னும் சாமிநாதர் சபைத் துறவி, நீர் நிறைத்த கண்ணாடி உருண்டையையே பெரியதொரு மழைத்துளியாகக் கொண்டு ஆராய்ந்தார். ஒளி துளிக்குள் நுழைகையில் திசை விலகி, உட்சுவரில் பட்டுத் திரும்பி, வெளியேறுகையில் மீண்டும் விலகுவதைக் கண்டார். வெள்ளொளியில் அடங்கிய நிறங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் விலகுவதை 1672இல் நியூட்டன் வெளியிட்டார்.

நம் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து சிவப்பு ஏறத்தாழ 42 பாகையிலும் ஊதா 40 பாகையிலும் தெரியும். எனவே ஞாயிறு 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் வில் அடிவானுக்குக் கீழே போய்விடும். திருச்சியில் மார்கழியிலும் உச்சி ஞாயிறு 55 பாகையைத் தாண்டி நிற்பதால், நண்பகலில் இங்கு வானவில் தோன்றுவதேயில்லை.

இன்னுமொரு விந்தை: அருகருகே நிற்கும் இருவர் ஒரே வில்லைக் காண்பதில்லை. ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒளி அனுப்புபவை வெவ்வேறு துளிகள். ஆதலால், நெல்லை மூடி முடித்தபின் ஞாயிற்றுக்கு முதுகு காட்டி ஒரு கணம் நிற்போம். பிள்ளை காணும் வில் பிள்ளைக்கே உரியது. நமக்குரியதை நாமே நிமிர்ந்து பார்த்தாலன்றி, நமக்காக வேறெவரும் பார்க்க முடியாது.