விளக்கைப் புகழ்ந்தது போதும்!

ஆண்டுதோறும் மே 12 வந்தால் மேடைகள் மணக்கின்றன. 'கைவிளக்கேந்திய காரிகை' பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாளல்லவா! செவிலியருக்குப் பொன்னாடை, பூச்செண்டு, 'தியாகச் சுடர்' என்ற பட்டம். மறுநாள் இரவு? அதே வார்டு, அதே கூட்டம், அதே ஒற்றை உருவம்!

இரவு ஷிப்ட் என்றால் என்னவென்று ஆலைத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணிக்குக் கண்ணில் மணல் கொட்டியது போல் எரிவதை அறிந்தவர்கள் அவர்கள். தறியில் இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போடலாம். உயிரின் இழை அறுந்தால்?

பல மருத்துவமனைகளில் இரவுப் பணி 12 மணி நேரம். குளுக்கோஸ் தீர்ந்ததா, மூச்சு சீராக வருகிறதா, காய்ச்சல் ஏறிற்றா என்று கட்டிலுக்குக் கட்டில் நடை. ஒருவர் 'நர்சம்மா' என்கிறார். மறுகோடியில் இன்னொருவர் முனகுகிறார். இருப்பதோ இரண்டே கால்கள்! விடிந்தபின் உறக்கமா? வீட்டில் அடுப்பு காத்திருக்கிறது, பிள்ளை காத்திருக்கிறது.

உடலும் கணக்குக் கேட்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உடலின் இரவு பகல் ஒழுங்கைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை, புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக் கூடியவற்றின் பட்டியலில் 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் இரவு வேலையை அதே பட்டியலில்தான் வைத்தது.

இதற்கு ஈடாகத் தந்தது என்ன? தமிழகத்தில் 2015-இல் தேர்வெழுதி வென்ற செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்! 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டையில் திரண்டமர்ந்து பணி நிரந்தரம் கேட்டார்கள். தியாகச் சுடருக்கும் வயிறு உண்டு என்று நாடு அன்று அறிந்தது.

ஒருவர் பார்க்கும் தறிகளை இரட்டிப்பாக்கினால் ஆலை வாசலில் முழக்கம் எழுகிறது. நோயாளிகளை இரட்டிப்பாக்கினால் மட்டும் அதற்குத் 'தொண்டு' என்று பெயரா? கற்பிக்கும் மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு வகுத்தது. ஏட்டில் எழுதிய கணக்கு இரவு வார்டுக்கு வர வேண்டாமா?

முடியாத காரியமா இது? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் செவிலியர் சங்கமாய்த் திரண்டு போராடினர். 1999-இல் சட்டம் பிறந்தது. 2004-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்ற வரம்பு, அங்கே பகலுக்கும் ஒன்றே, இரவுக்கும் ஒன்றே.

தோழர்களே! நாளை நம் வீட்டுத் தாய் படுக்கப் போவதும் அந்த வார்டில்தான். ஆகவே செவிலியர் கோரிக்கை நம் கோரிக்கை. எண்ணிக்கையைச் சட்டமாக்குக, இரவிலும் அதை நிறைவேற்றுக என்று கேட்போம். விளக்கைப் புகழ்ந்தது போதும். அதை ஏந்தும் கைக்குத் துணைக்கை வேண்டும்!