உஷார்! பழைய கல், புதுத் தொட்டி

"ஓடிக்கொண்டிருந்த தொட்டியின் லைவ் ரொக் இது. சைக்கிள் பண்ணத் தேவையே இல்லை. இன்றைக்கே மீன் விடலாம்." லைவ் ரொக் என்றால் உயிர்கள் குடியிருக்கும் கடல் கல்; சைக்கிள் என்றால் மீன் விடுமுன் தொட்டியில் பக்டீரியாவை வளரவிடுவது. இப்படி யாராவது சொன்னால் நம்பாதீங்க! காசும் போகும், மீனும் போகும்.

கொள்ளுப்பிட்டித் தொடர்மாடி ஒன்றில் இருக்கும் ஒரு தம்பிக்கு நடந்ததைக் கேளுங்க. உப்புநீர்த் தொட்டியை விற்றுவிட்ட ஒருவரிடம் கல் வாங்கினார். ஊதாப் பாசி படர்ந்த அருமையான கல். அதை வெறும் வாளியில், சொட்டுத் தண்ணீர் இல்லாமல், முச்சக்கரவண்டியில் வைத்து பின்னேர காலி வீதி நெரிசலில் கொண்டுவந்தார். அன்றிரவே இரண்டு நீமோ மீன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் விடியும்போது இரண்டும் அடியில் கிடந்தன.

அந்தக் கல்லில் இருப்பது பக்டீரியா மட்டும் இல்லை. ஸ்பொஞ்ச், புழு, குட்டி நண்டு எல்லாம் பொந்து பொந்தாகக் குடியிருக்கும். வெயிலிலும் காற்றிலும் அவை சாகும், உள்ளேயே அழுகும், அமோனியா கக்கும். அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பக்டீரியாவுக்கு அவ்வளவு அழுகலைச் சமாளிக்க நேரம் வேண்டும். கடல்நீரின் காரத்தன்மையிலும் கொழும்புச் சூட்டிலும் அமோனியாவின் நஞ்சு இன்னும் ஏறும். கண்ணுக்கு எதுவும் தெரியாது!

கல்லை மூக்கருகே பிடியுங்க. கூழ்முட்டை நாற்றமா? தொட்டியில் வைக்காதீங்க. மேலே வெள்ளைப் படலமா? உள்ளே ஏதோ செத்திருக்கு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குதா? உடனே தண்ணீர் மாற்றுங்க. டெஸ்ட் கிட்டில் அமோனியாவோ நைட்ரைட்டோ துளி காட்டினாலும் மீன் வேண்டாம். கிட் வாங்கவில்லையா? அப்போ மீனும் வாங்காதீங்க!

கல்லை உப்புநீரில் மூழ்கவைத்தே கொண்டுவாங்க. மீன் இல்லாத தொட்டியில் பம்ப் போட்டு நீரோட்டம் கொடுங்க. நல்ல கல் என்றால் சில நாளில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியத்துக்கு இறங்கி அங்கேயே நிற்கும். பக்டீரியா இல்லாமல் தொடங்கினால் நாலு முதல் ஆறு கிழமை செல்லும். பிறகும் முதலில் ஒரே ஒரு மீன்தான்.

காசு மிச்சம் என்று கடலில் போய்ப் பவளக்கல் உடைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விடுங்க. நம் நாட்டில் அது சட்டப்படி குற்றம்.

இனித்தான் பெரிய பயம். நாறுகிற கல்லை ஒருபோதும் அவிக்காதீங்க! சுடுநீர் ஊற்றித் தேய்க்கவும் வேண்டாம்! சில கல்லில் பொத்தான் பொத்தானாகப் பவள மொட்டுகள் ஒட்டியிருக்கும். சிலவகை மொட்டுகளில் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆவியோடு அது மூச்சில் ஏறும். 2018இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே, உதவிக்கு ஓடிவந்தவர்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனது.

கையுறை, கண்ணாடி இல்லாமல் கல்லைத் தொடாதீங்க. தொட்ட பிறகு இருமல், காய்ச்சல், நடுக்கம், வாயில் இரும்புச் சுவை வந்தால் வீட்டில் படுத்திருக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. "கடல் தொட்டிப் பவளத்தைத் தொட்டேன்" என்று டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்க. சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் தந்து அனுப்பிவிடுவார்.