பகிரப்பட்ட நாணயம், பகிரப்படாத இறையாண்மை

வணிகத்தில் ஒன்றுபடும் நாடுகள் காலப்போக்கில் அரசியலிலும் ஒன்றாகும் என்ற கருத்து 1950-களில் மேற்கு ஐரோப்பாவில் வலுப்பெற்றது. நிலக்கரி, உருக்கு உற்பத்தியைப் பொது நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்த ஆறு நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த எர்ன்ஸ்ட் ஹாஸ், 1958-இல் அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார்.

அதை மறுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழக அரசியல் அறிஞர் ஸ்டான்லி ஹாஃப்மன். வியன்னாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தைப் பிரான்ஸில் கழித்தவர் அவர். பொருளாதாரத்தில் விட்டுக்கொடுக்கும் அரசுகள், பாதுகாப்பிலும் வெளியுறவிலும் அவ்வாறு விட்டுக்கொடுக்கமாட்டா என 1966-இல் அவர் வாதிட்டார். பெரும்பான்மை வாக்கு முறையை எதிர்த்து 1965-இல் பிரெஞ்சு அதிபர் டி கால் அமைச்சர்கள் அவையைப் புறக்கணித்திருந்தார்.

பின்னர் யூரோ நாணயம் வந்தது. ஹாஸின் கணிப்பு பலித்ததாகவே தோன்றியது. ஆனால், 2005-இல் பிரான்ஸ், நெதர்லாந்து மக்கள் ஐரோப்பிய அரசமைப்புச் சட்டத்தை நிராகரித்தனர். 2020-இல் பிரிட்டன் வெளியேறியது. வெளியுறவு முடிவுகள் பெரும்பாலானவற்றை ஒரே உறுப்பு நாடு இன்றும் தடுத்துவிட முடியும்.

மறுபுறம், 2015 ஜூலையில் கடன் நிபந்தனைகளை 61 சதவீத கிரேக்க வாக்காளர்கள் நிராகரித்தும், சில நாள்களிலேயே அந்த அரசு கடும் நிபந்தனைகளை ஏற்க நேர்ந்தது. நாணயத்தைப் பகிர்ந்துகொண்ட நாட்டின் வாக்குச்சீட்டுக்கு எவ்வளவு வலிமை மிஞ்சும் என்ற கேள்விக்கு ஐரோப்பா இன்னும் விடை காணவில்லை.