கரகரப்பும் சுழலும் வட்டமும்

1970களில் நாகர்கோவில் வட்டாரத்துச் சாயாக்கடைகளில் இலங்கை வானொலிதான் பாடும். அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் குரலுக்காகவே ஒரு சாயாவை அரைமணி நேரம் உறிஞ்சியவர்கள் உண்டு. மத்திய அலை என்பதால் மலைப்பக்கம் மின்னினால் கரகரக்கும். பக்கத்து மாவு மில்லில் மோட்டார் போட்டால் பாட்டே முங்கிவிடும். கடைக்காரர் பெட்டியைச் சற்றுத் திருப்பி வைப்பார். யாரால் வந்த இரைச்சல் என்பது பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். 1984 அக்டோபர் 30-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலிலேயே வந்தது. பின்னர் பண்பலை பரவியதும் கரகரப்பு அடங்கியது.

இன்று அதே ஊரின் உணவகங்களில் இரைச்சலே இல்லை. டேப்லெட்டில் ஒரு வட்டம் சுழல்கிறது, அவ்வளவுதான். மத்தியானக் கூட்டத்தில் மேசையில் தட்டிய ஆர்டர் அடுக்களைப் பிரிண்டருக்குப் போய்ச் சேர்வதில்லை. சப்ளையர் கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்து, "ரெண்டு சாப்பாடு, ஒரு மீன் வறுவல்!" என்று பழைய முறைக்கே திரும்புகிறார். நெட் கம்பெனியைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். பல நேரம் குற்றவாளி அடுக்களையில் பப்ஸ் சூடாக்கும் மைக்ரோவேவ் அவன். அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது. ரூட்டரும் ஏறக்குறைய அங்கேதான். ரூட்டர் விடுவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. மைக்ரோவேவுக்குள் 800 வாட். கதவிடுக்கில் கசியும் துளியே போதும். போதாக்குறைக்குப் பக்கத்துக் கடைகளின் ரூட்டர்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான்; கடைத்தெருவிலோ ரூட்டர்கள் முப்பது.

அன்று ரேடியோ கேட்கவே உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005-லிருந்து உரிமம் தேவையில்லை. அந்தத் தாராளம் இல்லையென்றால் சின்னக் கடைக்கு வைஃபை ஏது? ஆனால் அதன் நிபந்தனை, பிறர் தரும் இடையூறிலிருந்து பாதுகாப்புக் கேட்க முடியாது என்பது. மில்காரரிடம் போய்ச் சண்டை போடலாம். இங்கே யாரிடம் போவது?

2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது. அங்கே மைக்ரோவேவின் தொல்லை இல்லை. ஆனால் சுவர் தாண்டினால் வலு குறையும். எனவே கடைக்காரர்களுக்கு ஒன்று: வாடிக்கையாளருக்கு வைஃபை இருக்கட்டும், பில் மிஷினுக்கும் அடுக்களைப் பிரிண்டருக்கும் கேபிள் இழுத்துவிடுங்கள்.