மூன்று சிறு காட்டுக் கிறவுஸ்கள்

பனி பெய்யும் வடநாடுகளில், மாரியிலும் இடம்பெயராமல் வாழும் கோழியினப் பறவைகள் கிறவுஸ்கள். இலங்கையில் இவை இல்லை. ஆயினும் எமது காட்டுக்கோழி, கௌதாரி, மயில் ஆகியவற்றுக்கு இவை உறவுதான். முன்பு இவற்றைத் தனிக் குடும்பமாகப் பிரித்திருந்தனர். இன்று கோழியும் மயிலும் சேர்ந்த குடும்பத்தின் ஒரு கிளையாகவே கொள்கின்றனர். கோழிச் சேவலின் காலில் உள்ள முள் இவற்றுக்கு இல்லை. கால்களையும் மூக்குத் துவாரங்களையும் இறகு மூடியிருக்கும்.

இவற்றுள் அடர்காட்டில் ஒளிந்து வாழும் சிறியவை மூன்று. ஹேசல் கிறவுஸ் ஸ்கண்டிநேவியாவிலிருந்து ரஷ்யா வழியாக ஜப்பானின் ஹொக்கைடோ வரை உண்டு. எடை ஏறத்தாழ 400 கிராம், ஆணின் தொண்டை கறுப்பு. அதனிலும் சிறியதான சீனக் கிறவுஸ் கன்சு, சிச்சுவான் முதலிய மலைப் பகுதிகளில் மட்டுமே வாழ்கிறது. மூன்றாவது, வட அமெரிக்காவின் ரஃப்ட் கிறவுஸ். கழுத்தின் இருபுறமும் கருமையான இறகுக் கொத்தும், விசிறிபோல் விரியும் வாலும் இதன் அடையாளங்கள்.

இம்மூன்றையும் நெடுங்காலம் 'பொனாசா' என்ற ஒரே சாதியில் வைத்திருந்தனர். மரபணு ஆய்வுகளின் பின், முதலிரண்டும் 'தெத்ராஸ்தெஸ்' என்ற சாதிக்குப் போயின. அமெரிக்கப் பறவை தனித்து நின்றது. வாழ்க்கை முறையைப் பார்த்தால் இப்பிரிப்பு நியாயமானதே. ஹேசல் கிறவுஸ் சோடியாக வாழும். ஆண் மெல்லிய சீழ்க்கையால் தன் எல்லையை அறிவிக்கும். ரஃப்ட் கிறவுஸின் ஆணோ குடும்பப் பொறுப்பே இல்லாதது. விழுந்த மரத்தின்மேல் நின்று, பத்துச் செக்கனில் சுமார் ஐம்பது தடவை சிறகடிக்கும். மரத்தில் சிறகு படுவதில்லை. காற்றே பறைபோல் அதிர்கிறது.

மாரியில் உணவு என்ன? மரமொட்டும் சிறு கிளை நுனியும்தான். எமது கோழிகள் தொட்டும் பாரா. நீண்ட குருட்டுக்குடல்களில் வாழும் பற்றீரியங்கள் அந்த நாரைச் செரிக்க உதவுகின்றன. இரவில் பஞ்சுபோன்ற பனிக்குள் புதைந்து உறங்கும். குஞ்சுகளுக்கு முதற் சில வாரங்கள் பூச்சியே உணவு. அதற்குப் பூண்டும் பற்றையும் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். முழுக்காட்டையும் வெட்டினால் பறவை அழியும். அதை எவரும் அறிவர். ஆனால் எதையும் வெட்டாமல் விட்டாலும் ரஃப்ட் கிறவுஸ் குறையும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மினசோட்டாவில் இதனை நெடுங்காலம் ஆராய்ந்த கோர்டன் கலியன், வெவ்வேறு வயது அஸ்பென் மரத் தோப்புகள் அருகருகே வேண்டும் என்று காட்டினார்: குஞ்சுகளுக்கு இளந்தளிர்க் காடு, ஒளிவதற்கு நடுவயதுக் காடு, மாரி மொட்டுக்கு முதிர்ந்த மரம். அமெரிக்காவின் கிழக்கில் கைவிடப்பட்ட வயல்கள் பற்றைக்காடாக மாறிய காலத்தில் இப்பறவை பெருகியது. அக்காடுகள் முதிர முதிரக் குறைந்தது. 1931இல் இதனை மாநிலப் பறவையாக ஏற்ற பென்சில்வேனியாவிலும் அதே கதை. அங்கு நுளம்பு பரப்பும் மேற்கு நைல் வைரசும் சேர்ந்துகொண்டது.

ஹேசல் கிறவுஸின் தேவை வேறு. அது வெளியான நிலத்தைக் கடக்க அஞ்சும். சுவீடனில் ஆராய்ந்தவர்கள், பெருங்காட்டிலிருந்து வெறும் 100 மீற்றர் வயலால் பிரிந்த காட்டுத்துண்டுகளில்கூட அதனைக் காணவில்லை. இடையில் வயலுக்குப் பதிலாக வேறு மரக்காடு நின்ற இடங்களிலோ, இரண்டு கிலோமீற்றர் தொலைவு வரையிலும் அது குடியேறியிருந்தது.