ஆளுநர் ஆல்ட்கெல்ட்

நம் நாட்டில் மாநில ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ மக்களே வாக்களித்து ஆளுநரைத் தேர்ந்தெடுக்கின்றனர். மாநில ஆட்சியை நடத்துபவரும் அவரே. மக்கள் வெறுக்கும் செயலொன்றை அவர் செய்வாராயின், அடுத்த தேர்தலில் பதவியை இழக்க நேரிடும். அதனை அறிந்தே ஓர் அரிய செயலைச் செய்தவர், இல்லினாய் மாநிலத்தை 1893 முதல் 1897 வரை ஆண்ட ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட்.

அவர் 1847-இல் ஜெர்மனியில் பிறந்தார். கைக்குழந்தையாகவே அமெரிக்கா சேர்ந்தார். ஏழைக் குடும்பம், பள்ளிப் படிப்போ சொற்பம். பதினாறாம் வயதில் உள்நாட்டுப் போரில் படைவீரரானார். பின்னர் ஆசிரியராகவும், வழக்கறிஞராகவும், சிக்காகோ நகரில் நீதிபதியாகவும் உயர்ந்தார்.

அந்நகரில் எட்டு மணி நேர வேலை கோரித் தொழிலாளர் கிளர்ச்சி செய்த காலம் அது. 1886 மே 4 அன்று ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தைக் கலைக்கக் காவற்படை வந்தபோது, யாரோ ஒருவன் வெடிகுண்டை எறிந்தான். காவலர் எழுவரும் பொதுமக்கள் சிலரும் மாண்டனர். எறிந்தவன் எவன் என்பது இன்றளவும் ஐயமறத் தெரியவில்லை. ஆயினும் எண்மர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. நால்வர் 1887-இல் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் சிறையில் உயிர் நீத்தார். எஞ்சிய மூவர் சிறையில் வாடினர்.

ஆல்ட்கெல்ட் பதவியேற்றதும், அம்மூவருக்கும் இரக்கம் காட்டுமாறு பலர் வேண்டினர். அவரோ வழக்கின் ஏடுகளை எடுத்து ஆராய்ந்தார். குற்றம் முறையாக மெய்ப்பிக்கப்பட்டிருப்பின் ஆளுநர் தலையிடக் காரணமில்லை. விசாரணையே முறைகேடாயின் விடுதலை சலுகையன்று, உரிமை என்பது அவர் கொள்கை. ஜூரர்கள் ஒருதலைச் சார்பாகப் பொறுக்கப்பட்டதையும், குண்டெறிந்தவனுக்கும் கைதிகளுக்கும் தொடர்பு நிறுவப்படாததையும், நீதிபதி நடுநிலை பிறழ்ந்ததையும் விரிவாக எடுத்தெழுதி, 1893 ஜூன் 26 அன்று மூவரையும் விடுவித்தார்.

பத்திரிகைகள் சீறி எழுந்தன. அவரை அராஜகவாதிகளின் தோழர் என்று தூற்றின. அவர் தம் முடிவினின்றும் இம்மியும் அசையவில்லை. பதினான்கு வயது நிரம்பாத சிறுவரை ஆலைகளில் வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கும் சட்டமும் அவர் ஆட்சியில், அதே ஆண்டில் பிறந்தது. அதனை நடைமுறைப்படுத்தும் தலைமை ஆய்வாளராக பிளாரன்ஸ் கெல்லி என்ற பெண்மணியை அவர் நியமித்தார். 1896 தேர்தலில் ஆல்ட்கெல்ட் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டெனினும், அந்த விடுதலையை அவருடைய எதிரிகள் மறக்கவேயில்லை. 1902-இல் அவர் காலமானார்.

ஆளுநரின் கையெழுத்து மூவருக்குச் சிறைக்கதவைத் திறந்தது. தூக்கிலேறிய நால்வரை மீட்கும் ஆற்றல் அதற்கு இல்லை. கூட்டத்தின் சினம் கொதிக்கும் நாளில்தான் நீதிமன்றம் நிதானம் இழக்காதிருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?