புள்ளியில் வெட்டிய முகவரி

அடையாறு காந்தி நகரில் உட்கார்ந்து ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறேன். 'சென்னை.அடையாறு.காந்திநகர்' என்று ஒரே சரமாக வரும் பாதையை அடுக்கடுக்கான ஆப்ஜெக்டாக்குவது எனக்கு மிகப் பிடித்த வேலை. புள்ளியில் வெட்டினால் மூன்று துண்டு. வெற்று ஆப்ஜெக்டில் 'சென்னை' இருக்கிறதா? இல்லையென்றால் உருவாக்கு, உள்ளே இறங்கு. 'அடையாறு', அதேபோல். கடைசித் துண்டில் மட்டும் இறங்காமல் 600020 என்ற அஞ்சல் குறியீட்டை மதிப்பாக வைக்க வேண்டும். இருப்பதைப் பார்க்காமல் புதிதாக உருவாக்கினால், அடையாற்றின் கீழ் முன்பே சேர்த்த சாஸ்திரி நகர் காணாமல் போய்விடும். லோடாஷ் நூலகத்தின் 'செட்' இப்படி இருப்பதைப் பார்த்துத்தான் இறங்குகிறது. இல்லாத இடத்துக்கு அடுத்த துண்டு எண்ணாக இருந்தால் அங்கே அரே உருவாக்கும்.

வெளியாள் தட்டிய பாதையை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடிட்ட 'புரோட்டோ' அதில் இருந்தால், எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான மூலத்திலேயே எழுதிவிடும். அதைத் தடுக்கும் சோதனையை முதல் வரியிலேயே வைக்கிறேன்.